ஹோம் ரன் அடித்தது மட்டையா, வேலியா?

நம்ம கிளாஸில் பாதிப் பேருக்கு சாஃப்ட்பால் என்றால் பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்ற அளவில்தான் தெரியும். இந்தப் பதிவுக்கு அது போதும். அமெரிக்காவில் சிறுமிகள் ஆடும் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் பற்றித்தான் இன்றைய புலம்பல். வீசுபவர் கையைக் கீழ்வாக்கில் ஒரு சுற்று சுற்றி வேகமாக எறிவார். அடிப்பவர் அதை வேலிக்கு மேலே பறக்கவிட்டால் ஹோம் ரன். நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த வேலி எங்கே இருக்கிறது?

கல்லூரி அளவில் பதில் சுலபம். என்.சி.ஏ.ஏ. விதிப்படி இரு ஓரக் கோடுகளிலும் குறைந்தது 190 அடி, நடுவில் 220 அடி. பெண்கள் சர்வதேச கிரிக்கெட்டில் எல்லைக்கோடு 60 முதல் 70 கஜம், அதாவது 180 முதல் 210 அடி. ஏறக்குறைய அதே தூரம்தான் (கிரிக்கெட்டில் பிட்ச்சின் நடுவிலிருந்து அளப்பார்கள், அதனால் அப்படியே ஒப்பிட வேண்டாம்). சிக்கல் சின்னப் பிள்ளைகளிடம்தான். யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் அமைப்பின் விதிகளில் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 150 முதல் 175 அடி, 12க்கும் 14க்கும் 175 முதல் 200, அதற்கு மேலே 200 முதல் 225. வயதுக்கு ஏற்ப வேலி பின்னால் போகிறது. நல்ல ஏற்பாடு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் "175 முதல் 200" என்பது கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! 25 அடிதானே? வட்டத்தின் கால் பாகம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 175 அடி வேலிக்குள் சுமார் 24,000 சதுர அடி. 200 அடி வேலிக்குள் சுமார் 31,400. தூரம் கூடியது 14 சதவீதம், மைதானம் கூடியது 31 சதவீதம். அவுட்ஃபீல்டில் நிற்பதோ அதே மூன்று பிள்ளைகள். ஆக வேலியைப் பின்னால் தள்ளினால் ஹோம் ரன் குறையும் என்பது பாதி உண்மை. ஆட்கள் இல்லாத இடத்தில் விழும் பந்துகள் கூடும் என்பது மீதி.

வேலியே இல்லாத மைதானம் இன்னும் வேடிக்கை. பல விளையாட்டுகளுக்குப் பொதுவான பூங்காக்களில் அப்படித்தான் இருக்கும். அங்கே நன்றாக அடிக்கிற பெண் வந்தால் ஃபீல்டர்கள் பத்துப் பதினைந்து அடி பின்னால் போய் நின்றுகொள்வார்கள், தடுக்கத்தான் ஒன்றும் இல்லையே. வேலி இருந்தால் தாண்டியிருக்கும் பந்து, இங்கே கேட்ச். இன்னொரு பெண் அவ்வளவு பலமாக அடிக்கவில்லை, இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே தட்டிவிடுகிறாள். பந்து உருண்டுகொண்டே போகிறது. நான்கு பேஸும் சேர்த்து 240 அடி, கால் வேகம் இருந்தால் ஓடியே முடித்துவிடலாம். ஸ்கோர் புத்தகத்தில் ஹோம் ரன். இதே பந்து வேலி உள்ள மைதானத்தில் தரையில் குத்தி வேலியைத் தாண்டியிருந்தால் இரண்டு பேஸ்தான் கிடைத்திருக்கும்.

ஒரே அடி, இரண்டு கணக்கு. பி.காம். படிக்கிறவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? :-)

சரக்கு மதிப்பை முதலில் வந்தது முதலில் போனது என்று போட்டால் ஒரு லாபம், சராசரி விலையில் போட்டால் வேறு லாபம். அதனால்தான் எந்த முறையைப் பயன்படுத்தினோம் என்று கணக்குக்குக் கீழே குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். ஒரு பெண் இந்த சீசனில் 14 ஹோம் ரன் என்று பெற்றோர் கல்லூரிப் பயிற்சியாளருக்கு அனுப்புகிற விவரத்தில் அந்தக் குறிப்பு எங்கே? எத்தனை வேலிக்கு மேலே போனவை, எத்தனை ஓடி எடுத்தவை, வேலி எத்தனை அடியில் இருந்தது?

ஹோம் ரன் எண்ணிக்கைக்கு அங்கே மவுசு அப்படி. ஒக்லஹோமா பல்கலைக்கழக அணி 2021ல் ஒரே சீசனில் 161 ஹோம் ரன் அடித்து சாதனை செய்தது. அதே அணியின் ஜோசலின் அலோ 2022ல் முடித்தபோது அவர் கணக்கில் 122. அதற்கு முந்தைய சாதனை 95. இதைப் பார்த்து வளர்கிற பத்து வயதுச் சிறுமிக்கு எண்தான் கனவு, அதில் தப்பே இல்லை. அவள் ஆடும் மைதானத்தில் அது சாத்தியமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டே வேலி வைத்தால் ஹோம் ரன் மலிந்துபோகும் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம் வில்லியம்ஸ்போர்ட். பையன்களின் லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடர் நடக்கும் இடம். அங்கே 205 அடியில் இருந்த வேலியை 2006ல் 225க்குத் தள்ளினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியே ஹவாய் அணியின் ஒரு ஹோம் ரன்னில்தான் முடிந்திருந்தது. அங்கே தள்ளியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அது உலகம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு வயதுக்காரர்களின் மைதானம். அதை அளவுகோலாக வைத்து, சனிக்கிழமை பூங்காவில் ஆடும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 200 அடி வேலியைக் காட்டினால், அவள் தூக்கி அடிக்கிற ஆசையையே விட்டுவிடுவாள். இல்லையென்றால் எட்டாத வேலிக்காக இடுப்பு ஒடிய வீசி ஆட்டமிழப்பாள்.

என் கட்சி: 10 வயது ஆட்டத்துக்கு 150 அடி, 12க்கு 175. விதியில் இருக்கும் கீழ் எல்லையையே வைக்கட்டும். நிரந்தர வேலி கட்டத் தேவையில்லை. மடித்து எடுத்துப் போகிற பிளாஸ்டிக் வலை வேலிகள் விற்கின்றன, புல்லில் குத்தி நிறுத்தலாம், ஓடிவந்து மோதினாலும் கம்பி வேலி மாதிரி முகத்தைக் கிழிக்காது. காசு? போட்டிக்கு வரும் ஒவ்வொரு அணியும் நுழைவுக் கட்டணம் கட்டுகிறது. ஒரு வேலி பல சீசன் உழைக்கும், தேய்மானம் போட்டு ஒரு அணிக்கு எவ்வளவு என்று பிரித்தால் சின்னத் தொகைதான் வரும். அதுகூட முடியாத இடத்தில் ஸ்கோர் புத்தகத்தின் மூலையில் "வேலி இல்லை" என்று எழுதிவைக்க ஒரு பேனா போதும்.