850 ரூபாய் துண்டுக்கு 14,000 ரூபாய் எஸ்டிமேட்!

போன மாசம் ஆபீஸ் பார்க்கிங்ல யாரோ ஸ்கூட்டர் எடுக்கும்போது என் ரோடு பைக்கை வலது பக்கமா சாய்ச்சுட்டாங்க. ஒரு கீறல்கூட இல்ல. நானும் தூசி தட்டிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில இருந்து கியர் மாத்தினாலே டக் டக்னு சத்தம், செயின் பல் விட்டுப் பல் தாவுது.

பின்னாடி இருக்கற கேபிள் திருகை அரை மணி நேரம் திருகிப் பார்த்தேன். ரெண்டு கியர் சரியாச்சுன்னா மூணு கியர் கெட்டுப்போச்சு. கடைக்குக் கொண்டு போனேன். "டீரெய்லர், செயின், கேசட் எல்லாமே மாத்தணும் சார்"னு 14,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். உண்மையைச் சொல்றேன், கிரெடிட் கார்டு இஎம்ஐ எத்தனை மாசம் போடலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்.

காப்பாத்தினது ஆபீஸ்ல சைக்கிள் ஓட்டற ஒரு சீனியர் அண்ணன். பைக்குக்குப் பின்னாடி குனிஞ்சு பார்த்தார். "தம்பி, டீரெய்லரோட ரெண்டு குட்டிச் சக்கரமும் மேல இருக்கற கேசட் பல்லும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கணும். உன்னோடது உள்பக்கமா சாஞ்சிருக்கு பார். ஹேங்கர் வளைஞ்சிருக்கு"ன்னார்.

ஹேங்கர்னா டீரெய்லரை ஃபிரேமோட இணைக்கற சின்ன அலுமினியத் துண்டு. அடி பட்டா ஃபிரேமும் டீரெய்லரும் தப்பிக்கட்டும்னு அது முதல்ல வளையற மாதிரிதான் செய்யறாங்க. வீட்டு மெயின் போர்டுல ஃபியூஸ் மாதிரி. இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, அந்த 14,000 செலவு பண்ணியிருந்தாலும் புது டீரெய்லர் அதே வளைஞ்ச ஹேங்கர்லதான் தொங்கியிருக்கும். சத்தம் அப்படியே இருந்திருக்கும்!

வேற மெக்கானிக் ஒருத்தர் டீரெய்லரைக் கழட்டிட்டு, அந்த ஓட்டைல அலைன்மென்ட் கேஜை முறுக்கினார். நீளமான கம்பி மாதிரி இருக்கு. டியூப் வால்வு இருக்கற இடத்தை அடையாளமா வச்சு, ரிம்முக்கும் கேஜுக்கும் நடுவுல இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னேன்னு நாலு இடத்துல அளந்தார். எனக்கு 15 மில்லிமீட்டர் வித்தியாசம். 4 மில்லிமீட்டருக்குள்ள வந்தா போதுமாம். கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு நேராக்கினார். 20 நிமிஷம், 300 ரூபாய்.

"அந்தக் கேஜை நாமளே வாங்கிட்டா மிச்சம்தானே?"ன்னு கேப்பீங்க. நான் பார்த்த கேஜ் 6,000 ரூபாய். அந்தக் காசு திரும்பி வரணும்னா 20 தடவை வளையணும். அலுமினியத்தை அத்தனை தடவை வளைச்சா உடைஞ்சே போயிடும். அதனால கேஜ் வேண்டாம். ஒரு ஸ்பேர் ஹேங்கர் வாங்கி சீட் பையில போட்டு வைங்க. எனக்கு 850 ரூபாய் ஆச்சு. ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேற, அதனால பைக் வாங்கும்போதே கேட்டு வாங்கிடுங்க. அப்புறம் தேடறது பெரிய தலைவலி. பழைய ஸ்டீல் ஃபிரேம்ல ஹேங்கர் ஃபிரேமோடயே சேர்ந்திருக்கும், அதை வளைச்சு நிமிர்த்தறதுதான் வழி.

வளைஞ்சதை நிமிர்த்தவே கூடாது, புதுசுதான் போடணும்னு சிலர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்கல. முதல் தடவை, லேசான வளைவுன்னா நிமிர்த்தலாம். விரிசல் தெரிஞ்சாலோ, மரை போயிருந்தாலோ, ரெண்டாவது தடவைன்னாலோ யோசிக்காம மாத்துங்க. புதுசு போட்டாலும் கேஜ் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, ஃபிரேம் பக்கமே லேசா கோணலா இருக்கலாம்.

ஆனா "சம்பளம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு மட்டும் தள்ளிப் போடாதீங்க. மேம்பாலம் ஏறும்போது பெரிய பல்லுக்கு மாத்தினீங்கன்னா, உள்ள சாஞ்ச டீரெய்லர் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிக்குள்ள மாட்டும். டீரெய்லர், கம்பிகள், சில சமயம் ஃபிரேமும் போகும். பின்னாடி பஸ் வந்துட்டு இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. சரி பண்ற வரைக்கும் அந்தப் பெரிய பல் பக்கமே போகாதீங்க.