குறி தவறாத கைக்கு ஜாதி உண்டா?

நெய்வேலியை அடுத்த வடக்குத்து முதற்கொண்டு நம் ஜில்லா ஊர்கள் பலவற்றில், ஏதாவதொரு ஜாதிச் சங்கத்தார் தங்களைப் "போர்க்குடி" என்றும் "வீர வம்சம்" என்றும் சொல்லிக் கொள்ளக் கேட்கின்றோம். அப்படியானால் பக்கத்துத் தெருக்காரன் கோழை வம்சமா? அவன் கை துப்பாக்கி பிடிக்க உதவாத கையா?

வீரம் ரத்தத்தில் வருவது உண்மையானால், அதைச் சோதிக்க இரண்டு உலக யுத்தங்களைவிடப் பெரிய பரீட்சை வேண்டியதில்லை. அதிலும் "ஸ்னைப்பர்" என்பவன், அதாவது ஒளிந்திருந்து ஒற்றைக் குண்டில் ஆளை வீழ்த்துகிறவன், தன் கையையும் கண்ணையும் நம்பியே நிற்பவன். (மறைந்திருந்து வாலியைக் கொன்றவருக்கு நம்மவர்கள் கோவில் கட்டியிருக்கிறார்கள், அது வேறு சங்கதி.) மனிதனை மனிதன் கொல்வதை மெச்சுவதற்காக நாம் இதை எழுதவில்லை. வித்தை யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

1939-40 பனிக்கால யுத்தத்தில் ருஷ்யப் பட்டாளத்தைக் கலங்கடித்த சிமோ ஹாயா, பின்லாந்தின் ஒரு குடியானவன். ஐந்நூறு பேருக்கு மேல் அவன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். தூரதிருஷ்டிக் கண்ணாடிகூட அவன் வைத்துக் கொள்ளவில்லை. வைத்தால் தலையைச் சற்று உயர்த்த வேண்டும், கண்ணாடி மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். மூச்சு ஆவி தெரியாமலிருக்க வாயில் பனியை அடக்கிக் கொள்வான். சுடும்போது பனித்தூள் கிளம்பாதபடி முன்னால் பனியைக் கெட்டியாக்கி வைப்பான். இதில் வம்சம் எங்கே வந்தது? கிழவனான பிறகு ரகசியம் என்னவென்று கேட்டவர்களுக்குப் பழக்கம்தான் என்று சொன்னான்.

லுத்மிலா பாவ்லிசென்கோ ஒரு பெண். சரித்திரம் படித்த மாணவி. ஒடெஸ்ஸாவிலும் செவஸ்தபோலிலும் 309 பேரை வீழ்த்தியதாகக் கணக்கு. 1942-ல் அமெரிக்கா போனபோது பத்திரிகைக்காரர்கள் அந்த அம்மாளிடம் முகப்பூச்சைப் பற்றியும், பாவாடை நீளத்தைப் பற்றியும் கேட்டார்களாம்!

முதல் யுத்தத்தில் 378 பேர் என்று பெயர் வாங்கிய பிரான்சிஸ் பெகமகாபோ, கனடா தேசத்துப் பூர்வகுடி. வெள்ளையர் காட்டுமிராண்டி என்று ஒதுக்கி வைத்த ஜனம். ராணுவ மெடலை மூன்று தடவை பெற்றான். அவனும் ஒரு மந்திரப் பையை வைத்திருந்தது மெய்தான். பை இல்லாத ஹாயாவின் குறியும் தவறவில்லையே! ஊர் திரும்பிய இந்த வீரன், பூர்வகுடிகளை மேய்க்கச் சர்க்கார் வைத்திருந்த ஏஜண்டிடம் கையேந்தி நிற்க வேண்டியதாயிற்று. ஏகலைவன் கதை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல போலும்.

இனி நம் சங்கதிக்கு வருவோம். 1751-ல் ஆர்க்காட்டு முற்றுகையில் கிளைவோடு நின்றவர்களில் நம் சிப்பாய்களும் உண்டு. அந்த மதராஸ் பட்டாளத்துக்கு 1881 முதல் 1885 வரை தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று தீர்ப்பெழுதினார். பிறகு வடக்கத்தியாரில் சில ஜாதிகளே "போர் ஜாதி" என்றாயிற்று. மகார்களைச் சேர்ப்பது 1892-ல் நின்றது. மனுவுக்குக் காக்கிச் சட்டை மாட்டினால் எப்படியிருக்குமோ அதுதான் இது.

இதைவிடப் பெரிய பித்தலாட்டம் ஒன்றுண்டு. துப்பாக்கிக் குழாயின் உள்ளே திருகு வரி வெட்டியிருந்தால்தான் குண்டு சுழன்று நேரே போகும். 1857 கலகத்துக்குப் பின் சிப்பாய்க்குக் கொடுத்த துப்பாக்கியில் அந்த வரி கிடையாது. பின்னால் வரியுள்ளது கொடுத்தபோதும் வெள்ளைச் சோல்ஜருக்குப் புதுசு, சிப்பாய்க்கு அவன் கழித்த பழசு. 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு, லைசென்சு இல்லாமல் ஜனங்கள் துப்பாக்கி தொடக்கூடாது என்றார்கள். கட்டை விரலை வெட்டிவிட்டு "உனக்கு வில் வராது" என்று சொன்ன துரோணருக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

ஜெர்மனியும் ஜப்பானும் நெருக்கியதும் சாஸ்திரம் பறந்தது. 1941-ல் மகார் ரெஜிமெண்டு வந்தது. கலைத்துப் போட்ட மதராஸ் காலாட்படையையும் மறுபடி கட்டினார்கள். லாயக்கற்ற தென்னாட்டார் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். இரண்டொரு வருஷத்தில் ரத்தம் மாறிவிட்டதா?

வெள்ளையன் போய்விட்டான், புத்தி போகவில்லை. ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று வகுப்பாரை மட்டும் எடுப்பதை ஆக்ஷேபித்து 2018-ல் டெல்லி ஐகோர்ட்டில் வழக்கே நடந்தது. சடங்கு அணிவகுப்பில் உயரமும் தோற்றமும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பது ராணுவத்தார் சொல்லும் சமாதானம். உயரமாம்! சிமோ ஹாயாவின் உயரம் ஐந்தேகால் அடி.