ஆசிரியர்க்கும் வேண்டும் தன்னாய்வு

ஆசிரியப் பணியை அறப்பணி என்று போற்றுவது நம் மரபு. ஆசிரியர் நாள் விழாக்களில் இச்சொல் தவறாமல் ஒலிக்கின்றது. மாலைகள் சூட்டப்பெறுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்பெறுகின்றன. இவை மகிழத்தக்கனவே. ஆயினும் அப்புகழுரைகளைக் கேட்டு வீடு திரும்பும் ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. 'இன்று நாம் கற்பித்தது எவர் உள்ளத்தில் சென்று சேர்ந்தது?' என்பதே அவ்வினா. கற்பித்தோம் என்பதற்குப் பணிப்பதிவேடு சான்று கூறும். கற்றனர் என்பதற்குச் சான்று யாது? இவ்வினாவை நாள்தோறும் எழுப்பிக்கொள்ளாதவர் எத்துணைப் புலமை உடையவராயினும் பயன்மிக்க ஆசிரியராதல் அரிது என்பதே நம் கருத்து. இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறாது, நம் பிழை ஒன்றைக் கொண்டே தொடங்குவது முறையாகும்.

குறிஞ்சி வகுப்பில் நேர்ந்த பிழை

நாம் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒருநாள் முதலாமாண்டு மாணவர்க்கு ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தோம். குறிஞ்சியின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி, மறுநாள் ஒப்புவிக்குமாறு கூறியிருந்தோம். கடைசி இருக்கையில் கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவர் அமர்ந்திருந்தார். அவரை எழுப்பிக் கருப்பொருள்களைக் கூறப் பணித்தோம். அவர் வாய் திறவாது நின்றார். 'மலையிலிருந்து வந்தவருக்கே குறிஞ்சி தெரியவில்லையே!' என்றோம். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். அப்பருவம் முடிவதற்குள் அவர் வருகை நின்றது. பதிவேட்டில் 'தொடர்ந்து வரவில்லை' என்று குறித்ததோடு நம் கடமை முடிந்ததெனக் கருதினோம்.

அடுத்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவருடன் மலையேறினோம். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலை நோக்கிச் செல்லும் பாதை அது. ஒரு சிற்றூரின் கொல்லையில் அம்மாணவரைக் கண்டோம். 'ஐயா' என்று அன்போடு வரவேற்றார். பருகுவதற்கு மோர் தந்தார். பின்னர்த் தம் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். தினை முற்றும் காலத்தில் பரண்மேலிருந்து கிளி ஓட்டுவது எவ்வாறு, இரவில் பன்றி வரும் வழியை அறிவது எவ்வாறு, எந்த மரம் பூத்தால் எந்த விதைப்புக்குக் காலம் என்றெல்லாம் விளக்கினார். நாம் வியந்து நின்றபோது, 'ஐயா, அன்று வகுப்பில் கேட்டது இதைத்தானா?' என்றார்.

நமக்கு விடை கூற நா எழவில்லை. நாம் அட்டவணையாகக் கேட்டதை அவர் வாழ்வாக அறிந்திருந்தார். அவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பதே நம் தொழில். அதனைச் செய்யாது அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கினோம். அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. வறுமை, போக்குவரத்துக் குறைவு, குடும்பச் சுமை எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆயினும் அந்தச் சிரிப்பும் ஒரு காரணமன்று என்று கூற நமக்குத் துணிவில்லை.

தன்னாய்வு என்பது யாது?

மலையிலிருந்து இறங்கியபின் நம்மை வருத்திய எண்ணம் ஒன்றே. அன்றைய வகுப்பு முடிந்தவுடனேயே ஐந்து நிமிடம் அமர்ந்து, 'அம்மாணவர் ஏன் பேசவில்லை?' என்று நம்மையே கேட்டிருந்தால், மறுநாளே அவரைத் தனியே அழைத்து உரையாடியிருப்போம். நாம் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டுக்கொள்ளும் பழக்கத்தையே கல்வியியலார் பின்னோக்குச் சிந்தனை என்பர். நாம் தன்னாய்வு என்கிறோம்.

அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் டூயி 1910 இல் வெளியிட்ட தம் நூலில் சிந்திக்கும் முறையை ஆராய்ந்து, ஐயமும் இடர்ப்பாடுமே உண்மைச் சிந்தனையின் தொடக்கம் என்று விளக்கினார். அவர் வழியில் வந்த டொனால்ட் ஷோன் 1983 இல், தொழில் வல்லுநர்தம் சிந்தனையை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். செயல் நடக்கும்போதே அதனைக் கவனித்துத் திருத்திக்கொள்வது ஒன்று. செயல் முடிந்தபின் திரும்பிப் பார்த்து ஆராய்வது மற்றொன்று. பாடம் நடத்தும்போதே மாணவர் முகம் வாடக் கண்டு எடுத்துக்காட்டை மாற்றும் ஆசிரியர் முதல்வகைச் சிந்தனை உடையவர். மாலையில் அமர்ந்து அவ்வாட்டத்தின் காரணத்தை ஆராய்பவர் இரண்டாம் வகையினர். நல்லாசிரியர்க்கு இரண்டும் வேண்டும்.

இஃது மேனாட்டார் கூறிய புதுமை என்று எண்ண வேண்டா. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கினார். ஆசிரியராதற்குத் தகுதியற்றார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு ஆகியவற்றை உவமையாக்கினார். மடற்பனை தன்மேல் எவரையும் ஏறவிடாது. தானாக உதிர்த்த பழம் மட்டுமே பிறர்க்குக் கிட்டும். அந்தக் குறிஞ்சி வகுப்பில் நாம் மடற்பனையாகவே நின்றிருந்தோம். மாணவரின் கொள்திறன் அறிந்து, அவர் ஏற்கும் வகையில் கற்பிக்க வேண்டும் என்பதும் நன்னூல் கூறும் நெறியே. மாணவர் கேட்ட பாடத்தை மீண்டும் எண்ணவும், உடன் பயில்வாரோடு உரையாடித் தெளியவும் வேண்டும் என்கிறது அந்நூல். மாணவர்க்கு விதித்த அவ்விதி ஆசிரியர்க்கும் உரியது என்று கொள்வதில் தவறில்லை.

இஸ்லாமிய மரபில் முஹாஸபா எனும் சொல் பெரியோர்கள் அறிந்ததே. தன்னைத் தானே கணக்குக் கேட்டல் என்பது அதன் பொருள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் இதற்கெனத் தனிப் பகுதியே வகுத்தார்கள். 1091 இல் பாக்தாத் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் பேராசிரியராக அமர்த்தப்பெற்ற அவர்கள், தாம் கற்பிப்பதன் நோக்கத்தையே ஆராய்ந்து, அதில் புகழ்விருப்பம் கலந்திருக்கக் கண்டு, 1095 இல் அப்பெரும்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். பதவியைத் துறக்கும் அளவுக்கு நம்மை எவரும் அழைக்கவில்லை. கடையடைக்கும் முன் கல்லாப் பெட்டியை எண்ணிப் பார்க்கும் வணிகரின் ஒழுங்கை மட்டுமேனும் நாம் மேற்கொள்ளலாம் அன்றோ? ஒருநாள் வரவுசெலவு பாராத கடை நிலைக்காது என்பதை நம் சமுதாயப் பெரியோர்கள் நன்கறிவார்கள். வகுப்பறைக்கு மட்டும் அக்கணக்கு வேண்டா என்பது எவ்வாறு பொருந்தும்?

ஒரு தமிழாசிரியரின் முன்மாதிரி

தமிழாசிரியர் ஒருவரே இதற்குத் தலைசிறந்த சான்றாக விளங்குகிறார். 1880 ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்றவர் அவர். அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் எனப் பட்டியலிட்டார். முதலியார் அவற்றை வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினார். இல்லை என்பதே விடை.

பட்டியல் நீண்டிருந்தும் அடிப்படையில் ஒரு குறை இருப்பதை அவர் உணர்ந்தார். சினங்கொண்டு முதலியாரை ஒதுக்கியிருக்கலாம். 'பாடத்திட்டத்தில் இல்லை' என்று தப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சைவ நூல்களில் தோய்ந்திருந்த அவர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்தம் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார். 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. பழந்தமிழ் நூல்கள் பல அதனைத் தொடர்ந்து வெளிவந்தன. கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் அறியாமையை ஒப்புக்கொண்டதன் விளைவு இஃது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் மாவட்டத்தில் இதன் தேவை

சங்கப் புலவர் கபிலர் நம் மண்ணோடு தொடர்புடையவர். அவர் உயிர்நீத்த இடம் என்று போற்றப்பெறும் கபிலர் குன்று திருக்கோவிலூரில் பெண்ணையாற்றில் உள்ளது. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, பிரகத்தன் எனும் ஆரிய அரசனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்தப் பாடப்பெற்றது என்பர். 261 அடிகளும் 99 மலர்ப் பெயர்களும் கொண்ட அப்பாட்டு, அவ்வகையில் ஒரு பாடமே ஆகும். தமிழ் அறியாத அரசனுக்கு அவர் இலக்கண அட்டவணை தரவில்லை. மலையையும் புனத்தையும் மாந்தர்தம் நெஞ்சையும் காட்டினார். அதே குறிஞ்சியை, மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கு அட்டவணையாக்கி அயலாக்கியவர் நாம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலை 1976 இல்தான் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்கு வருவோர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 இலும், தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 இலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். வாயில்வரை கொண்டுவருவது அரசின் உதவி; வகுப்பறையில் நிலைக்கச் செய்வது ஆசிரியரின் பொறுப்பு.

செய்யத்தக்கன சில

'நேரம் எங்கே? பருவத்தேர்வுக்குள் பாடத்தை முடிப்பதே அரிதாயிற்றே' எனும் குரல் எழுவது இயல்பு. அதில் உண்மையும் உண்டு. மாணவர் கருத்துப் படிவம், தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்பு என ஏடுகள் பெருகிவிட்டன. ஆயின் அவை பிறர் பார்வைக்காக எழுதப்படுபவை. நாம் வேண்டுவது பிறர் பாராத ஓர் ஏடு. 40 பக்கக் குறிப்பேடு ஒன்றில் நாளுக்கு ஐந்து நிமிடம் மூன்று வினாக்களுக்கு விடை எழுதினாலே போதும். இன்று பேசியவர் யார், பேசாதவர் யார்? எவ்விடத்தில் வகுப்பு தளர்ந்தது? நாளை எதனை மாற்றுவோம்?

ஒரு பருவம் இவ்வாறு எழுதிப் பார்த்தபோது, நம் வினாக்களுக்கு முதலிரு வரிசையிலிருந்த ஆறு மாணவரே மீண்டும் மீண்டும் விடையளித்திருக்கக் கண்டோம். ஏனையோர் இருந்தும் இல்லாதவராயினர். பின்னர், உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரைக் கடைசி இருக்கையில் அமர்ந்து நம் வகுப்பைக் காணுமாறு வேண்டினோம். 'வினா கேட்கிறீர், விடைக்குக் காத்திராது நீரே கூறிவிடுகிறீர்' என்றார். அமெரிக்கக் கல்வியாய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதனையே ஆராய்ந்து கண்டார். ஆசிரியர் பெரும்பாலும் வினாவுக்குப்பின் ஒரு நொடி அளவே காத்திருக்கின்றனர். அதனை மூன்று நொடியாக்கினால் விடைகள் நீள்கின்றன, வாளாவிருந்தோரும் பேசுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. நமக்கும் அந்தச் சில நொடி மௌனம் தொடக்கத்தில் பெருஞ்சுமையாகவே இருந்தது.

இப்போது குறிஞ்சிப் பாடத்தைத் தொடங்கும்முன் அவரவர் ஊரின் பயிர், மரம், பறவை ஆகியவற்றின் பெயர்களை மாணவரையே கூறச்செய்து கரும்பலகையில் எழுதுகிறோம். சமவெளி மாணவர் கரும்பும் நெல்லும் கூறுவர். மலை மாணவர் சாமையும் தினையும் கடுக்காயும் கூறுவர். அதன் பின்னரே பாட்டுக்குள் நுழைகிறோம். எல்லா ஆண்டும் இம்முறை வென்றது என்று கூற இயலாது. ஓராண்டு எவருமே வாய் திறக்கவில்லை. சிறு தாள்களில் எழுதித் தரச்செய்தோம். மதிப்பெண்கள் திடீரென உயர்ந்துவிடவும் இல்லை. ஆனால் மாணவர் நம்மிடம் கேட்கும் வினாக்கள் மிகுந்தன. அதனையே பயன் என்று கருதுகிறோம்.

கல்லூரி ஆசிரியராவதற்குப் பள்ளி ஆசிரியர்போல் கல்வியியல் பட்டம் வேண்டுவதில்லை. 1987 முதல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகப் பணியாளர் கல்லூரிகளும், அவற்றின் வழிவந்து 2023 முதல் மாளவியா பெயரில் இயங்கும் மையங்களும் புத்தொளிப் பயிற்சி அளிக்கின்றன. அங்குப் பாடப்பொருளைப் புதுப்பித்துக்கொள்கிறோம். நம் வகுப்பறையை ஆராயும் பயிற்சியையோ நாமே மேற்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு துறையிலும் மாதம் ஒருமுறை ஆசிரியர் கூடி, 'இம்மாதம் நான் செய்த தவறு' என்று ஒன்றைச் சொல்லத் துணிந்தால், அதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. அவ்வாறு சொல்பவரை எள்ளாது ஏற்கும் பெருந்தன்மை மூத்த பேராசிரியர்பால் முதலில் தோன்ற வேண்டும்.

மாணவச் செல்வங்களே, விளங்கவில்லை என்று கூற அஞ்சாதீர்கள். உங்கள் வினா ஆசிரியர்க்கு நீங்கள் செய்யும் உதவியாகும். சமுதாயப் பெரியோர்களே, தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேளாமல், இடையில் நின்றவர் எத்துணைப் பேர், ஏன் நின்றனர் என்றும் கேளுங்கள். உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, அம்மாணவர் நம்மிடம் கேட்ட வினாவுக்கு நாம் இன்னும் விடை கூறிக்கொண்டுதான் இருக்கிறோம். அவ்வாறான வினா ஒவ்வொருவர் வகுப்பிலும் கேட்கப்படாமலே கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். மணியடித்தவுடன் வெளியேறும்முன் அவ்விருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.