ஆடிக்கும் தவணை உண்டு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. குடவோலை முறைக்கான விதிகளை 919இல் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், திருத்தி விரிவாக மறுபடி வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே நடைமுறை பார்த்து மாற்றிக்கொண்ட ஊர் அது. அந்தப் பக்கத்தில் சிறியதொரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர் "ஆட்டோமேட்டிக் வாங்கிடலாமா?" என்று யோசிக்கும்போது, எனக்கு அந்த இரண்டாவது கல்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஸ்கிரீன் பிரிண்டிங் கைவேலை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல் மை, மையை இழுக்க ரப்பர் பதித்த ஸ்குவீஜி. தாம்பூலப் பை, கட்சிக் கொடி, கபடிக் குழுவின் பனியன் எல்லாம் இதில்தான் வருகின்றன. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்குப் பழைய மரியாதை திரும்பியது. ஆனால் ஐந்நூறு பை இழுத்த தோள் காலையில் இருந்த தோளாக இருக்காது. அழுத்தம் மாறும், மை திட்டுத்திட்டாக விழும். இயந்திரம் வேண்டுமென்ற ஆசை அந்தத் தோள்வலியில் பிறப்பது. அதைப் பேராசை என்று யாரும் சொல்லக் கூடாது.

சாமுவேல் சைமன் 1907இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற காலத்தில் சட்டத்தில் கட்டியது பட்டுத்துணி. இன்று பாலியஸ்டர் வலை வந்துவிட்டாலும் 'சில்க் ஸ்கிரீன்' என்ற பெயர் போகவில்லை. உத்திரமேரூர் இருக்கும், பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இயந்திரம் புதிய கேள்வியும் இல்லை. காஞ்சிபுரத்துத் தறியில் முன்பு 'அடை' கட்டி, உதவியாள் நூலைத் தூக்கித்தான் பூ எடுத்தார்கள். அந்த வேலையை ஜக்கார்டு வாங்கிக்கொண்டது. கோர்வையை நெசவாளர் கையிலேயே வைத்துக்கொண்டார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் இடத்தில் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். சேலையின் பெயரே அந்த இணைப்பில் இருக்கிறது. தறியை மொத்தமாக மாற்றாமல், எந்த வேலையைக் கொடுப்பது என்று பார்த்துக் கொடுத்தார்கள்.

ஸ்கிரீன் கடையிலும் கேள்வி அதுதான். முழு ஆட்டோமேட்டிக் இயந்திரம் அசராமல் ஒரே அழுத்தத்தில் இழுக்கும். ஆனால் நாலு கலருக்கு நாலு ஸ்கிரீன் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வைப்பதற்கே நேரம் பிடிக்கும். இருநூறு பை ஆர்டருக்கு அது கட்டுமா? திருப்பூருக்குக் கட்டும், அங்கே ஒரே டிசைனில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. இங்கே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை பெயர் வேறு.

காலண்டரையும் பார்க்க வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் நெருக்கும்; கடை ராத்திரியும் திறந்திருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் ஸ்கிரீன் சுவரில் சாய்ந்து கிடக்கும். வங்கித் தவணைக்கு ஆடி, மார்கழி தெரியாது. என் கவலை முழுக்க இந்த இடத்தில்தான். கையால் இழுத்தவரை ஆர்டர் இல்லாத மாதம் வெறும் ஓய்வு மாதம். இயந்திரம் வந்தபின் அது கடன் மாதம்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது இழுக்கும் இயந்திரம் இல்லை, காயவைக்கும் இயந்திரம் என்பேன். ஐப்பசி மழையில் பையும் காயாது, ஸ்கிரீனில் பூசிய எமல்ஷனும் காயாது. வேலை தேங்குவது அங்கேதான். அடுத்து, ஸ்கிரீன்களைப் பொருத்தி நிறுத்தும் நல்ல சுழல் மேசை. மை கலப்பது கடைக்காரர் கண்ணிலேயே இருக்கட்டும். இரண்டு ஆண்டு இப்படி ஓடட்டும். வருஷம் முழுக்க வாங்குகிற பள்ளிக்கூடமோ ஜவுளிக்கடையோ வாடிக்கையாக அமைந்த பிறகு ஆட்டோமேட்டிக் வாங்கும் கணக்கை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், ஆடி மாதத்திலேயே உட்கார்ந்து.