தமிழ்ல அட்ரஸ் சொன்னா தப்பா?

ஒடுகத்தூருக்குக் கடிதம் போடுகிறீர்கள். உறை மேல் பெயர், தெரு, ஊர், பின்கோடு... எல்லாம் தமிழில் எழுதினாலே போதும், போய்ச் சேர்ந்துவிடும். எந்த வண்டி, மாதனூர் வழியா, வேலூர் வழியா என்பதெல்லாம் தபால் இலாகாவின் கவலை.

1980-களில் இ-மெயில் அனுப்பிய பலருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று போன் போட்டுக் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்ட காலம் அது. போகிற வழியையும் அனுப்புகிறவரே எழுத வேண்டும். 'சென்னை!வேலூர்!மாதனூர்!ஒடுகத்தூர்!முருகன்' என்கிற மாதிரி, இடையில் வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெயரையும் ஆச்சரியக்குறி போட்டு அடுக்க வேண்டும். நடுவில் ஒன்று படுத்துவிட்டால், கடிதமும் அங்கேயே படுத்துவிடும்!

'வழியை மனுஷன் எதுக்கு மனப்பாடம் செய்யணும்?' என்று கேட்டார்கள். 1983-ல் பால் மொகபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். 1971-லேயே ரே டாம்லின்சன் பயன்படுத்திய @ குறியும் அதோடு சேர்ந்துகொண்டது. பெயரும் இடமும் சொன்னால் போதும், வழி தேடுவது மெஷின் பாடு. மனிதன் தலையிலிருந்த பாரத்தை மெஷின் தலையில் ஏற்றினார்களே, அதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.

ஆனால், ஒரு பாரத்தை நம் தலையிலேயே விட்டுவிட்டார்கள். அட்ரஸ் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்! அதையும் 2012-ல் வந்த புதிய விதிகள் நீக்கிவிட்டன. @-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழ் எழுதலாம். '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் உண்டு. ஆனால், அதை ஓர் இணையப் படிவத்தில் அடித்துப் பாருங்கள். பல படிவங்கள் 'தவறான முகவரி' என்று சிவப்பில் திட்டும்.

'இங்கிலீஷ்லயே வெச்சுக்கிட்டுப் போகட்டுமே சார், என்ன குடி முழுகிடும்?' என்கிறீர்களா? ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். தமிழ் நன்றாகப் படிப்பார். படிவத்தில் இ-மெயில் கட்டாயம். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் ஐ.டி-யையே போட்டு அனுப்பிவிடுகிறார். பதில் யாருக்கு வரும்? பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் யாருக்குப் போகும்? அந்தப் பெண்ணின் விவகாரத்துக்குச் சாவி இன்னொருவர் சட்டைப்பையில்!

மேடையில் தமிழுக்கு மாலை போடும் அரசுகள், முதலில் தங்கள் மெயில் சர்வர்களையும் படிவங்களையும் தமிழ் அட்ரஸை ஏற்கும்படி திருத்தட்டும். அதுவரை இ-மெயிலைக் கட்டாயம் ஆக்காதீர்கள்.

வழி தெரியாத மெஷினுக்கே வழி கற்றுக்கொடுத்துவிட்டார்கள். படிவத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க இத்தனை வருஷமா?