‘பையன் அடங்கவே மாட்டேங்கிறான்’: குழந்தைகளின் அடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பெற்றோரும் பள்ளியும் என்ன செய்யலாம்?

மதியம் 2 மணி. ஓஎம்ஆர் ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும் அம்மாவின் போனுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் வருகிறது. ‘மேம், உங்க பையன் இன்னைக்கும் பக்கத்துல இருக்கிற பையனை அடிச்சிட்டான். நாளைக்கு வந்து பிரின்சிபாலைப் பாருங்க.’ மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என எந்த ஏரியாவாக இருந்தாலும், ஸ்கூல் போகும் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோருக்கு இது புதிய மெசேஜ் அல்ல.

மாலையே வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ‘செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க’ என்பார் தாத்தா. ‘இவன் அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான், தானா சரியாயிடும்’ என்பார் பாட்டி. ‘ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருவான்’ என்பார் எதிர் ஃப்ளாட் மாமா. கூகுளில் தேடினால் ஐந்தே நிமிடத்தில் ‘ஏடிஹெச்டி’ என்று சொல்லிவிடும்.

நான்கு தீர்ப்பிலும் ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போகிறது: குழந்தை ஏன் அப்படிச் செய்தது? அந்தக் கேள்வியைக் கேட்காமலே தண்டனையும் முத்திரையும் வந்துவிடுவதுதான் உண்மையான பிரச்சினை. ‘மோசமான பையன்’ என்ற பெயர் இரண்டாம் வகுப்பில் ஒட்டிக்கொண்டால், அது எட்டாம் வகுப்பு வரை கூடவே வரும்.

எது குறும்பு, எது பிரச்சினை?

இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுவது நோயல்ல. ஆசை இருக்கிறது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒன்று முதல் மூன்று வயது வரை இது சகஜம். பேச்சு வளர வளர, நான்கு வயதுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆத்திரத்தை அடக்கி, யோசித்துச் செயல்பட உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அறுபது வயதுப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? நான்கு விஷயங்களைப் பார்க்கலாம். எத்தனை நாளாக நடக்கிறது? வீட்டில் மட்டுமா, ஸ்கூலிலும் பார்க்கிலும் கூடவா? வயதுக்கு மீறியதாக இருக்கிறதா? படிப்பு, தூக்கம், நட்பு ஆகியவற்றைக் கெடுக்கிறதா?

மருத்துவர்கள் ஏடிஹெச்டி என்று முடிவு செய்யவும் இதே மாதிரியான அளவுகோல்கள்தான் உள்ளன. அறிகுறிகள் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும். ஸ்கூலில் மட்டும் ‘அடங்காத’ பையன், வீட்டில் மணிக்கணக்கில் அமைதியாக லெகோ கட்டுகிறான் என்றால், முதலில் அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடம் எப்படி ‘ஒர்க் அவுட்’ ஆகிறது?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. மூன்று மணி நேரம் ஜவுளி எடுத்து முடித்து வெளியே வந்தால், வாசலில் பொம்மைக்காரர். ‘வேணும்’ என்கிறது குழந்தை. ‘வேணாம்’ என்கிறார் அப்பா. குழந்தை அழுகிறது, கத்துகிறது, தெருவிலேயே உட்கார்ந்துவிடுகிறது. சுற்றிலும் கூட்டம் பார்க்கிறது. ‘சரி, வாங்கித் தொலை.’

இந்த இரண்டு நிமிடத்தில் இருவருக்குமே பாடம் கிடைத்துவிட்டது. கேட்டால் கிடைக்காது, கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொண்டது. வாங்கிக் கொடுத்தால் கத்தல் நிற்கும் என்று அப்பா கற்றுக்கொண்டார். அடுத்த முறை இரண்டு பேருமே இதைத்தான் செய்வார்கள். அமெரிக்காவின் ஓரிகானில் பல ஆண்டுகள் குடும்பங்களை வீட்டுக்கே போய்க் கவனித்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விவரித்தது இந்தச் சுழலைத்தான். பெற்றோரும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியாமலே பயிற்றுவிக்கிறார்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நடப்பதற்கு முன் என்ன இருந்தது? என்ன நடந்தது? அதன்பின் குழந்தைக்கு என்ன கிடைத்தது? ரங்கநாதன் தெருக் காட்சியில் முன்னால் இருந்தவை பசி, களைப்பு, மூன்று மணி நேரக் கூட்டம். பின்னால் கிடைத்தது பொம்மை. இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் கத்தலை மட்டும் அடக்கப் பார்ப்பதால்தான் தோற்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘இனி அழுதா கிடையாது’ என்று முடிவெடுத்தால், முதல் சில நாள் அழுகை கூடும். இதுவரை பலித்த வழி பலிக்கவில்லையே என்று குழந்தை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்தக் கட்டத்தில் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால், ‘இன்னும் பத்து நிமிஷம் கத்தணும் போல’ என்பதுதான் பாடமாகும். லாட்டரி மாதிரி எப்போதாவது பலிக்கும் அடத்தை மறக்கவைப்பது, எப்போதும் பலிக்கும் அடத்தை மறக்கவைப்பதைவிடக் கடினம்.

அம்மா ‘போன் கிடையாது’ என்கிறார். மயிலாப்பூர் பாட்டி வீட்டில் போன் கொடுத்தால்தான் சாப்பாடே இறங்கும். இந்தக் குழந்தை ‘கெட்டுப்போகவில்லை’. எந்த வீட்டில் எந்த விதி என்று துல்லியமாகப் படித்து வைத்திருக்கிறது. பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி ஒரே விதிக்கு வர வேண்டும்.

அடத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை

நடத்தைப் பிரச்சினையாகத் தெரிவது பல சமயம் வேறொன்றின் முகமூடி. காது சரியாகக் கேட்காத குழந்தை ‘சொன்ன பேச்சு கேக்காத’ குழந்தையாகத் தெரியும். போர்டு தெரியாத குழந்தை பக்கத்துப் பையனிடம் பேசிக்கொண்டே இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு, தூக்கக் குறைவு இரண்டுமே எரிச்சலையும் கவனச் சிதறலையும் கொண்டுவரும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஆபீஸ் கேப் இரவு 9 மணிக்கு வந்து, அதன்பின் அப்பாவோடு விளையாடி, 11 மணிக்குத் தூங்கி, காலை 6 மணிக்கு எழும் குழந்தைக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம்தான்.

கற்றல் குறைபாடு இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் பத்தி பத்தியாகப் படிக்கச் சொல்லும்போது எழுத்து பிடிபடாத குழந்தைக்கு இரண்டு வழிதான் இருக்கிறது: ‘மக்கு’ என்று பெயர் வாங்குவது, அல்லது ‘வாலு’ என்று பெயர் வாங்குவது. பல குழந்தைகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கின்றன. வகுப்பை விட்டு வெளியே அனுப்பினால் வாசிப்பிலிருந்தும் தப்பித்தாயிற்றே! எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் தமிழைவிட, எழுதுவது ஒன்றும் படிப்பது ஒன்றுமான ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் முதலில் வெளிப்படலாம். ‘தமிழ் படிக்கிறான், இங்கிலீஷ்லதான் சோம்பேறித்தனம்’ என்று கடந்துவிடக் கூடாது.

2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்தது. ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்குக் கேட்டல் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஏடிஹெச்டி, ஆட்டிசம் போன்ற நரம்பு வளர்ச்சிச் சிக்கல்களில் ஒன்றாவது இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென மாறினால் அது தனி எச்சரிக்கை. மீண்டும் படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு பயப்படுவது, வேன் ஏற மறுப்பது போன்றவற்றை ‘அடம்’ என்று தள்ளிவிடக் கூடாது. துன்புறுத்தல், கேலி, வீட்டுச் சண்டை, ஓர் இழப்பு என எதுவாகவும் இருக்கலாம். மிரட்டாமல், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

அடையாறுக்கு இது புதிதல்ல

இந்தப் பார்வை வெளிநாட்டு இறக்குமதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். குழந்தைக் கல்வியை மாற்றியமைத்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அங்கே அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தது. மரியாவின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். 1946 வரை இந்தியாவிலேயே தங்கிப் பணியாற்றினார் மரியா. அவருடைய நூல்கள் சிலவற்றைக் கலாக்ஷேத்ராதான் பதிப்பித்தது.

1907-இல் ரோம் நகரின் ஏழைப் பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியபோது அவர் கண்டது இதுதான்: பொருள்களை உடைப்பது, அடம், ஒட்டிக்கொள்வது எல்லாமே தடுக்கப்பட்ட ஆற்றலின் சுற்றுவழிகள். கைக்குப் பொருத்தமான, தானே தேர்ந்தெடுத்த வேலை கிடைத்தால் குழந்தை அதில் ஆழ்ந்துவிடுகிறது, பல சேட்டைகள் தாமாக உதிர்கின்றன. சூழலை மாற்றுவது எல்லாவற்றையும் தீர்க்காது. ஏடிஹெச்டி, ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை. ஆனாலும் குழந்தையை மாற்றும் முன் சூழலைப் பார் என்ற பாடம் இந்த ஊரில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. இன்று சென்னையில் ‘மாண்டிசோரி’ என்ற போர்டுக்குக் குறைவில்லை. அந்தப் போர்டுக்கு உள்ளே ‘வாயில விரல் வை’ என்ற குரல் கேட்டால், பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அடித்தால் திருந்தாதா?

அடித்த அந்த நிமிடம் சேட்டை நிற்கும். அதனால்தான் அடி ‘வேலை செய்கிறது’ என்று தோன்றுகிறது. ஆனால், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கெர்ஷாஃப்பும் சக ஆய்வாளரும் 2016-இல் 75 ஆய்வுகளை, சுமார் 1.6 லட்சம் குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. நடத்தை மேம்பட்டதாகத் தெரியவில்லை. ‘தம்பியை அடிக்காதே’ என்று சொல்லி அடிக்கும்போது குழந்தை கவனிப்பது கையைத்தான், வார்த்தையை அல்ல.

பள்ளிகளைப் பொறுத்தவரை இது சட்டப் பிரச்சினையும்கூட. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனை, மன ரீதியான துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்கிறது. ‘உன்னை மாதிரி முட்டாளைப் பாத்ததில்லை’ என்பதும் இதில் அடங்கும். 16-ஆவது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ‘டிசி வாங்கிட்டுப் போயிடுங்க’ என்று பணிவாகச் சொல்வதும் நடைமுறையில் வெளியேற்றம்தான். சிறுபான்மை நிறுவனப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காக அங்கே அடி நியாயமாகிவிடாது. உடல் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதல்களை அமல்படுத்தும்படி 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

சிபிஎஸ்இ இணைப்பு விதிகள் பள்ளியில் ஆலோசகரும் சிறப்புக் கல்வியாளரும் இருக்க வேண்டும் என்கின்றன. பிரின்சிபால் கூப்பிட்டால் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘கவுன்சிலர் என் பிள்ளையைப் பார்த்தாரா? என்ன சொன்னார்?’

வீட்டில் இன்றே தொடங்க

1. ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள்: நேரம், முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன. பசி நேரம், ஹோம்வொர்க் நேரம் என ஒரு ஒழுங்கு புலப்படும். டாக்டரிடம் போனாலும் இந்தக் குறிப்பு உதவும்.

2. தினமும் 15 நிமிடம், போன் இல்லாமல், குழந்தை சொல்லும் விளையாட்டை விளையாடுங்கள். திட்டாதீர்கள், பாடம் எடுக்காதீர்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்தாலும் போதும்.

3. நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ‘குட் பாய்’ என்பதைவிட ‘தங்கச்சி பொம்மையை எடுத்தப்போ அடிக்காம வந்து சொன்னியே, சூப்பர்’ என்பது நிற்கும்.

4. விதி மூன்று போதும். பாட்டி, தாத்தா, வீட்டு வேலை செய்யும் அக்கா, டேகேர் என எல்லோருக்கும் ஒரே மூன்று.

5. கத்தும்போது உபதேசம் வேண்டாம். பக்கத்தில் அமைதியாக இருங்கள். அடங்கியபின் இரண்டே வாக்கியத்தில் பேசுங்கள்.

யாரிடம் போவது?

முதலில் குழந்தை மருத்துவரிடம் காது, கண், ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் குழந்தை மனநல மருத்துவர். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்லலாம். கற்றல் குறைபாட்டுக்கு தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், வளர்ச்சிக் குறைபாடுகளுக்குக் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் உள்ளன. மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098. கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம்.

மருந்து என்றதும் பயப்படவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் ஏடிஹெச்டிக்கு, மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது.

தி.நகரிலிருந்து கோட்டூர்புரம் சில கிலோமீட்டர்தான். உதவி இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நகரத்தில், ஒரு குழந்தை மூன்று வருடம் ‘வாலு’ என்ற பெயரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் யாரும் ‘ஏன்’ என்று கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். புகார் எழுத ஸ்கூல் டைரியில் ஒரு பக்கம் இருக்கிறது. அதிலேயே ‘இதற்கு முன் என்ன நடந்தது’ என்று ஒரு வரி சேர்க்கப் பள்ளிகளுக்கு அதிகம் செலவாகாது.