வெற்று வில்லையும் தேய்காசும்: குறியற்ற வெள்ளித் துண்டுகளை வகைப்படுத்தல் குறித்து ஒரு கருத்துரை

வேளச்சேரி விசயநகர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய அடகுக் கடை ஒன்றில், எழுத்தும் உருவும் இல்லாத வட்ட வெள்ளித் துண்டை நீட்டினால் கடைக்காரர் அதை உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார், வெள்ளியின் அன்றைய விலையைச் சொல்வார். அத்துண்டு அச்சேறாமலே அக்கசாலையை விட்டு வெளியேறிய வில்லையா, பல தலைமுறைக் கைகளில் புழங்கி உருவழிந்த காசா என்பது அவருக்கு வேண்டாத வினா. நாணயவியலுக்கோ அதுவே முதல் வினா. ஆயினும் ‘எழுத்தற்ற காசு’ என்னும் ஒரே தொடருக்குள் இரண்டையும் அடக்கிவிடும் போக்கு இன்னும் நீங்கவில்லை. எழுத்து ஏறவே இல்லை என்பதும் ஏறிய எழுத்து அழிந்தது என்பதும் ஒன்றல்ல. பதிப்பாசிரியர்கள் இவ்வேறுபாட்டை என்றோ உணர்ந்திருந்தனர். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. ஆயினும் அவற்றின் எண்கள் அப்படியே நிற்கின்றன. வேளச்சேரித் தண்டீசுவரர் கோயில் போன்ற சோழர்காலக் கோயில்களின் கல்வெட்டைப் படியெடுப்போர் எவரும் சிதைந்த வரியை ‘எழுதப்படாத வரி’ என்று குறிப்பதில்லை. காசுக்கு மட்டும் இந்தக் கவனம் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

வகைப்பாடு பிழைத்தால் வரலாறும் திரிந்துவிடும். வேளச்சேரிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாம்பலத்தில் வெள்ளி முத்திரைக் காசுகளின் புதையல் ஒன்று கிடைத்தது. அக்குவியலில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக் காசும் இருந்தது. வடக்கே கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் வெளியிடப்படத் தொடங்கிய காசுவகை, ரோம வணிகக் காலம் வரை இப்பகுதியில் மதிப்பிழக்காமல் இருந்தது என்பதற்கு இச்சேர்க்கை சான்று. இத்தகைய குவியலில் குறியற்ற துண்டு ஒன்று காணப்படுமாயின் இரு முடிவுகளுக்கு இடமுண்டு. அது தேய்காசு எனின், நெடுங்காலப் புழக்கத்திற்கு மற்றுமொரு சான்று. வெற்று வில்லை எனின், காசு அச்சிடும் பட்டறை அருகில் இயங்கியிருக்கலாம் என்னும் கருத்துக்கு அது கால்கோள். முன்னது வணிக வரலாறு. பின்னது அரசு உருவாக்க வரலாறு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரு துண்டின் வழவழப்பை மட்டும் நம்பி முடிவுசெய்வது துணிச்சலேயன்றி ஆய்வாகாது.

எடையே முதற்சான்று என்பர். இக்கூற்று 19ஆம் நூற்றாண்டு ரூபாய்க்கு முழுதும் பொருந்தும். 1835ஆம் ஆண்டின் சீர்திருத்தத்திற்குப் பின் ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கு. ஒரு தோலாவும் அதே எடையாதலால் ‘ரூபாய் எடை’ என்பது மருந்துக் குறிப்புகளில் அளவையாகவே நிலைத்தது. அவ்வெடையை ஏறத்தாழ முழுமையாகத் தாங்கி நிற்கும் குறியற்ற வட்டத்தைத் தேய்காசு என்று சொல்லல் அரிது. உருவம் முழுதும் அழியும் அளவுக்குத் தேய்ந்த காசு எடையில் கணிசமாகக் குறைந்தே தீரும். முத்திரைக் காசுகளில் இந்த அளவுகோல் அவ்வளவு எளிதன்று. வடபுலக் கார்ஷாபணம் சுமார் 3.4 கிராம் எனினும், பின்புறத்தில் மீன் சின்னம் பொறித்த போடிநாயக்கனூர்க் காசுகள் அதனினும் மிக இலேசானவை. அவை இலேசாகவே செய்யப்பட்டவை. தேய்ந்து இலேசானவை அல்ல. எனவே எந்த வரிசையைச் சேர்ந்தது என்று அறியாத துண்டின் எடைக்குறைவு எதையும் மெய்ப்பிப்பதில்லை. டி. டி. கோசாம்பி 1940களில் தட்சசீலப் புதையல்களை ஆராய்ந்தபோது தனிக்காசின் எடையை நம்பாமல், தொகுதியின் எடைப்பரவலையும் பின்புறச் சிறுகுறிகளின் எண்ணிக்கையையும் இணைத்து நோக்கியதன் காரணம் இதுவே.

எடையினும் நம்பத்தக்கது விளிம்பு. அச்சேறாத இயந்திர வில்லையின் பக்கச்சுவர் மழமழப்பாக இருக்கும். ரூபாயின் விளிம்புக் கீற்றுகள் அச்சடிக்கும் கணத்தில் வளையம் பதிப்பவை. முகம் முற்றும் மழுங்கிய பின்னும் கீற்றின் அடித்தடம் ஏதோ ஒரு புறத்தில் எஞ்சுவதுண்டு. முத்திரைக் காசுக்கு இக்கீற்று இல்லை. அங்கு நோக்க வேண்டியது வெட்டு. தகட்டை நறுக்கி, எடை சரிசெய்ய மூலையைக் கத்தரித்த இடம் புதுவில்லையில் கூராக இருக்கும்; புழங்கிய காசில் உருண்டிருக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத சான்றும் உண்டு. அச்சு விழுந்த இடத்தில் வெள்ளி இறுகுகிறது. மேற்பரப்பு தேய்ந்த பின்னும் அடியில் அவ்விறுக்கம் தங்குகிறது. உருவழிந்த காசைச் சூடான இரும்பின்மேல் வைத்தால் எழுத்து தோன்றும் என்று டேவிட் புரூஸ்டர் 1832இல் எழுதினார். அருங்காட்சியகப் பொருளின்மேல் இன்று எவரும் இதைச் செய்யத் துணியலாகாது. செய்தால் அந்தச் சான்றையே சூடு அழித்துவிடும். காசுமாலைக்காக வளையம் பற்றவைக்கப்பட்ட ரூபாய்களில் இவ்வழிவு ஏற்கெனவே நேர்ந்திருக்கக்கூடும். அவற்றில் கடினத்தன்மைச் சோதனையின் முடிவை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும். சாய்வொளியில் எடுத்த ஒளிப்படம் செலவும் குறைவு, கேடும் இல்லை. சென்னை அக்கசாலை 1808 முதல் வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக் காசுகள் சிலவற்றில், கோபுரத்திற்கும் விண்மீன்களுக்கும் அடியில் ஸ்பானிய டாலரின் பழைய உருவம் நிழலாகத் தெரிவதை இத்தகைய ஒளியில் நன்கு காணலாம். ஒரு காசே இன்னொரு காசுக்கு வில்லையாகிய இந்நிலையை ‘எழுத்தற்ற’, ‘எழுத்துள்ள’ என்னும் இருமைக்குள் அடைக்க வழியில்லை.

மூன்றாம் வாய்ப்பு ஒன்றையும் தமிழாய்வாளர் மறத்தல் கூடாது. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்திற்கு உவமையாகும் காசு, நூலில் கோக்கப்படும் அணியுறுப்பு, கடைவீதிப் பணமன்று. குறியற்ற வெள்ளி வட்டம் அணிகலனின் சிதறலாகவும் இருக்கலாம். துளையின் சுவடு, கொக்கி பற்றிய தடம் ஆகியன தேடப்பட வேண்டும்.

சொல்லாக்கம் தமிழில் கடினமன்று. வில்லை என்பது வழக்கிலுள்ள சொல். ‘தேய்காசு’ என்பது வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என முக்காலமும் அதில் அடங்குவது பொருளுக்கும் ஒத்ததே. காசு நோட்டம் பார்ப்போர்க்கு ‘வண்ணக்கன்’ என்று தனிப்பெயர் வைத்திருந்த மொழி இது. வடவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என அத்தொழிலோர் பாவலராகவும் அறியப்பட்டனர். அவர்கள் கையில் ஒரு குறியற்ற துண்டு கிடைத்திருந்தால் எடையோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று எண்ண இடமுண்டு.

இனி வெளிவரும் அகழாய்வு அறிக்கைகளிலும் காசுப் பட்டியல்களிலும் இத்தகைய துண்டு ஒவ்வொன்றுக்கும் எடை, விட்டம், தடிப்பு, விளிம்பின் நிலை, இருபக்கச் சாய்வொளிப் படம் ஆகியன தரப்பட வேண்டும். மூசை, கழிவு வெள்ளி, அச்சுக்கட்டை ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன் கிடைக்காதவரை தனி வில்லையைக் கொண்டு அக்கசாலையை நிறுவுதல் ஏற்புடையதன்று. வெற்று வில்லை, தேய்காசு, அணியுறுப்பு என்னும் மூன்று பத்திகளுக்குப் பின் ‘துணியப்படாதது’ என நான்காவது பத்தியும் பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும். தொடக்கத்தில் அதுவே மிக நீண்ட பத்தியாக அமையக்கூடும்.